உறுதிக் காணியும் பெர்மிட் போனும்

எங்கள் முல்லைத்தீவில் காணி இரண்டு வகை. உறுதிக் காணியை உரியவர் விரும்பியபடி விற்கலாம், கொடுக்கலாம். பெர்மிட் காணியில் வீடு கட்டலாம், பயிர் செய்யலாம். கைமாற்றுவதென்றால் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வகுத்த முறை இது. அப்படியென்றால் நம் கையிலுள்ள திறன்பேசி எந்த வகை?

சென்ற வருடம்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. தம்பி விளையாட்டாகப் பிழையான கடவுக்குறியைத் திரும்பத் திரும்பப் போட்டதில் உம்மாவின் போன் பூட்டிக்கொண்டது. திருத்தும் கடையில் எல்லாவற்றையும் அழித்துத் தந்தார்கள். இயக்கியதும், முன்பிருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. கணக்கைத் திறந்தவர் நாநா. அவர் கட்டாருக்குப் போனபின் பழைய தொலைபேசி இலக்கமும் இல்லை, கடவுச்சொல்லும் நினைவில் இல்லை. வாங்கிய பற்றுச்சீட்டு எங்களிடம் இருந்தது, பயனில்லை. புத்தளத்தில் மௌத்தான உம்மம்மா அனுப்பியிருந்த வட்ஸ்அப் குரல்பதிவுகளின் பிரதியும் அந்தக் கணக்கிற்குள்தான் இருந்தது.

இந்தப் பூட்டு கெட்டதல்ல. ஐபோனில் 2013 முதலும் அண்ட்ரொய்டில் 2015 முதலும் உள்ளது. திருடியவனுக்குப் போன் உதவாமல் செய்வதே இதன் நோக்கம். ஒரே கணக்கில் படம், தொடர்பு இலக்கங்கள், செயலிகள் எல்லாம் இருப்பதால் புதுப் போனுக்கு மாறுவதும் இலகு. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்குவது கருவியை மட்டுமே. உள்ளே இயங்கும் மென்பொருளுக்கு நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி. அதாவது, வெளியே உறுதி, உள்ளே பெர்மிட்.

2009இல் அமேசன் நிறுவனம், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கியிருந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் மின்னூல்களை அவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தூரத்திலிருந்தே நீக்கியது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அலுமாரிக்குள் யாரோ கைவிட்டதுபோல் வாசகர்கள் திகைத்தார்கள்.

அரசுகளும் கேள்வி கேட்கின்றன. தன் செயலிகளைப் போன்களில் முன்கூட்டியே பதிக்க வற்புறுத்தியது போன்ற காரணங்களுக்காக 2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் புதிய போன்களுக்கு ஒரே வகைச் சார்ஜர் துளை கட்டாயமானது.

நாம் செய்யக்கூடியவை சில. பாவிப்பவரின் பெயரிலேயே கணக்கைத் திறவுங்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். இலக்கம் மாறினால் கணக்கிலும் மாற்றுங்கள். பழைய போன் வாங்கும்போது முந்தியவரின் கணக்கு நீக்கப்பட்டதா எனக் கடையிலேயே பாருங்கள். முக்கியமான படத்தையும் குரலையும் மெமரி காட்டிலோ கணினியிலோ இன்னொரு பிரதி எடுங்கள்.

1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது உம்மம்மா காணி உறுதியைச் சேலைக்குள் முடிந்து கொண்டுபோனாராம். நாங்கள் மீளக் குடியேற வந்தபோது அந்தத் தாள்தான் எங்கள் வளவைக் காட்டித் தந்தது. அவருடைய குரலை எங்களால் அப்படிக் காக்க முடியவில்லை. உங்கள் வீட்டுப் போனின் கணக்கு யார் பெயரில் இருக்கிறதென்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.