பழைய இழையை ஒழிக்கும் வித்தை

சலவைத் தூளில் ரத்தக் கறையையும் முட்டைக் கறையையும் கரைப்பதற்கென்றே சப்டிலிசின் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். பேசில்லஸ் பாக்டீரியா தரும் புரதம் அது. வெளுப்பான் பட்டால் செத்துப்போவது அதன் பலவீனம். அந்தப் புரதச் சங்கிலியின் 222ஆம் இடத்தில் உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தில் ஆக்சிஜன் ஏறிக்கொள்வதே காரணம். 1985இல் ஜெனன்டெக் ஆய்வாளர்கள் அந்த ஓரிடத்தில் மற்ற 19 அமினோ அமிலங்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். செரின், அலனின் வைத்தவை ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வெளுப்பானைத் தாங்கின.

புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்ற, அதற்கான மரபணுவின் டி.என்.ஏ. எழுத்துகளை மாற்ற வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட மரபணுவில் ஓரிடத்தை மட்டும் எப்படித் தொடுவது? வழி காட்டியவர்கள் கனடாவின் மைக்கேல் ஸ்மித்தும் அமெரிக்காவின் கிளைட் ஹட்சிசனும், ஆண்டு 1978. ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் டி.என்.ஏ. ஒற்றை இழையாலான வட்டம். அதில் ஓரிடத்துக்கு இணை சேரும் குட்டித் துண்டு ஒன்றை வேதிமுறையில் தயாரித்து, அதில் ஓரெழுத்தை மட்டும் வேண்டுமென்றே பிசகாக வைத்தார்கள். மற்ற எழுத்துகள் சரியாகப் பொருந்துவதால் துண்டு நழுவாமல் ஒட்டிக்கொள்கிறது. அதன் முனையிலிருந்து பாலிமரேஸ் நொதி வட்டம் முழுவதையும் படியெடுக்கிறது. கடைசி இடைவெளியை லைகேஸ் என்ற நொதி அடைக்கிறது. 1993இல் ஸ்மித்துக்கு வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

சிக்கலே இனிமேல்தான். இப்போது கையில் இருப்பது பாதி பழசு, பாதி புதுசு. பாக்டீரியாவுக்குள் செலுத்தினால் இரண்டு இழைகளுமே பெருகும். போதாக்குறைக்கு, செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் இந்தப் பிசகைக் கண்டு, பெரும்பாலும் பழைய எழுத்தையே திரும்ப வைத்துவிடும். படியெடுக்க வார்ப்பாக நின்று வழிகாட்டிய பழைய இழையே இப்போது இடைஞ்சல்.

1985இல் ஆய்வாளர் தாமஸ் குங்கெல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. டி.என்.ஏ.யில் தைமின் என்ற எழுத்து வரவேண்டிய இடங்கள் சிலவற்றில் யுராசில் என்ற வேறோர் எழுத்தைச் சேர்த்துவிடும் குறைபாடுள்ள ஈ.கோலை பாக்டீரியா வகை ஒன்று உண்டு. வார்ப்பு இழையை அதில் வளர்த்தெடுத்தார். ஆய்வகத்தில் உருவாகும் புதிய இழையிலோ வழக்கமான தைமின். இரண்டையும் சேர்த்துச் சாதாரண ஈ.கோலைக்குள் விட்டால், அது யுராசிலை அந்நியமென்று பிடுங்கிப் பழைய இழையைச் சிதைத்துவிடும். எஞ்சுவது பெரும்பாலும் புதியதுதான்.

இன்று டிபிஎன்1 என்ற நொதியே இந்த வேலையை முடித்துவிடுகிறது. பாக்டீரியாவில் வளர்ந்த டி.என்.ஏ.யில் மெத்தில் குறி இருக்கும், சோதனைக் குழாயில் உருவானதில் இருக்காது. குறியுள்ளதை மட்டும் அந்த நொதி வெட்டித் தள்ளும்.

ஒரே வார்ப்பின்மேல் பல துண்டுகளை ஒருசேர ஒட்டவைத்து, இடைவெளிகளை நிரப்பி இணைத்தால், பல மாற்றங்கள் கொண்ட செயற்கை மரபணு ஒரே மூச்சில் கிடைத்துவிடும். முழு மரபணுவையும் எழுத்தெழுத்தாகக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அடுத்தடுத்த எழுத்துகளையெல்லாம் மாற்றிக்கொண்டே போனால் துண்டுக்கு இழையில் பிடிமானம் போய்விடும். அந்த நிலையில் வார்ப்பை விட்டுவிட்டு மரபணுவை முழுதாகவே வேதிமுறையில் செய்துகொள்வதுதான் லாபம்.