பட்டறைக்கு ஏற்ற உட்கூரை

மழையையும் வெயிலையும் மேலே நின்று தடுப்பது கூரை. அதன் கீழே சிறிது வெளி விட்டு, தலைக்கு மேலாக அமைப்பதை விதானம் என்றனர் முன்னையோர். சீலிங் என்கின்றனர் இன்று வேலை செய்வோர். மாளிகைக்கும் மண்டபத்துக்கும் உரிய அழகுப் பொருளே அஃது என யாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டுச் சித்திரையில் அவ்வெண்ணம் மாறிற்று.

எம் சிற்றப்பனார் பாளையங்கோட்டையை அடுத்த சிற்றூரொன்றில் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கின்றார். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள கொட்டகை அது. மேலே வேய்ந்திருப்பது கல்நார்த் தகடு, அஃதாவது ஆஸ்பெஸ்டாஸ். ஒருநாள் நண்பகலில் அதன் கீழே குந்தி எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் தலைசுற்றி அங்கேயே சாய்ந்துவிட்டார். வெப்பத்தின் கொடுமை என்றார் மருத்துவர். தெளிந்தெழுந்த சிற்றப்பனார், "தம்பி, நீ படித்த பிள்ளை. இந்தக் கூரைக்குக் கீழே என்ன அடிக்கலாம் என்று விசாரித்துச் சொல்" என்றார். இலக்கணம் படிப்பாரிடம் கேட்கத்தக்க வினாவன்று அது. எனினும் அன்புடையார் கேட்டதைத் தள்ள இயலாமல் கடைகளிலும் நூல்களிலும் தேடினோம். கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் வெப்பம் எவ்வாறு வருகின்றது என்பதை அறிதல் வேண்டும். வெயிலில் காய்ந்த தகடு, அடுப்பின் மேலிட்ட தோசைக்கல்லைப் போலத் தன் வெம்மையைக் கதிராகக் கீழ்நோக்கி வீசுகின்றது. மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றி இக்கதிரைத் தடுக்காது. இடையே ஒரு தடுப்பு இருப்பின் கதிர் அதனோடு நின்றுவிடும். ஆயின் தகட்டுக்கும் தடுப்புக்கும் நடுவே அடைபட்ட காற்று சூடேறிக்கொண்டே போகுமாதலால், இரு முக்கோணச் சுவர்களிலும் துளைகள் விட்டு அதனை வெளியேற்றுதல் இன்றியமையாதது. பலர் பொருளைத் தேர்வதில் நாட்களைக் கழித்து இத்துளைகளை மறந்துவிடுகின்றனர்.

நிற்க. கடைக்காரர் முதலில் காட்டியது தெர்மோகோல். விலை மிகக் குறைவு, எடை இல்லை என்றே சொல்லலாம், வெப்பத்தை நன்கு தடுக்கும், இம்மூன்றும் மெய்யே. அது பாலிஸ்டைரீன் என்னும் பொருளின் நுரை. அதன் பருமனில் ஏறத்தாழ நூற்றுக்குத் 98 பங்கு காற்று. படிக்கும் அறைக்கு இதனை வேண்டாம் என்று யாம் அவ்வளவு கடிந்து சொல்லோம். பட்டறைக்கோ இஃது ஆகவே ஆகாது. ஏனெனில் 100 பாகை அளவிலேயே அது இளகத் தொடங்குகின்றது. தீப்பற்றினாலோ கரும்புகை கக்கி, எரியும் துளிகளாகக் கீழே சொட்டுகின்றது. பற்றவைப்பின் பொறி பறக்கும் இடத்தில், பெட்ரோல் ஆவி உலவும் இடத்தில், தலைக்கு மேல் இதனைப் பரப்பி வைப்பார் உண்டோ? சிற்றப்பனார் எளிதில் ஒப்பவில்லை. ஆகவே கிண்ணத்தில் சிறிது பெட்ரோல் ஊற்றி, முற்றத்தில் வைத்து, உள்ளங்கையளவு தெர்மோகோல் துண்டொன்றை அதில் இட்டோம். அது குமிழி விட்டுச் சுருங்கி, நொடிப்பொழுதில் பசைபோன்ற சிறு கட்டியாயிற்று. அதன்பின் அவர் அப்பொருளின் பெயரை எடுக்கவில்லை. பி.வி.சி. பலகையும் வெம்மையில் வளைவது. எரிந்தால் நச்சுக் காற்றை விடுவது.

தகட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிவிடலாம் என்றனர் அயலார் சிலர். குளிர்ச்சிக்கு அதனை மிஞ்சுவது அரிது. ஆயினும் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டதை இந்நாட்டார் மறந்திலர். யாம் அதனை நினைப்பூட்டியதும் பேச்சு அவ்வளவில் நின்றது.

ஒட்டுப் பலகை என்னும் பிளைவுட் வலியது, ஆணி தாங்கும், விளக்கையும் விசிறியையும் பொருத்த எளிது. கறையானும் நெருப்புமே அதன் பகை.

ஜிப்சம் பலகையின் தன்மை வியக்கத்தக்கது. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர்; ஈரமாக அன்றி, கல்லோடு கல்லாய்ப் பிணைந்த நீர். நெருப்புப் படும்போது அந்நீர் ஆவியாகி வெளியேறுமட்டும் பலகையின் மறுபுறம் மிகுதியும் சூடேறாது. தன்னுள்ளேயே தீயணைக்கும் நீரை ஏந்தி நிற்கும் பலகை எனலாம். யாம் இதனையே தேர்ந்திருப்போம். ஆனால் கொட்டகையின் தகட்டில் மரையாணி இறங்கிய இடங்களிலெல்லாம் ஐப்பசி மழை ஒழுகுகின்றது. ஒழுக்குப் பட்ட ஜிப்சம் ஊறித் தொய்ந்து விழும். எடையும் நோக்கத்தக்கது: 12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை சதுர மீட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோ நிற்கும். கொட்டகையின் பரப்பு 28 சதுர மீட்டர். ஆகவே ஏறத்தாழ 240 கிலோ தலைக்கு மேல் தொங்கும்.

கூரையையே மாற்றி ஓடு வேய்ந்தால் என்ன என்ற எண்ணமும் எழுந்தது. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்னும் பாசல் மிஷன் ஊழியர் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியதே மங்களூர் ஓடு. மேலே அவ்வோடும் கீழே தட்டையான உள்ளோடும் இட்டு, நடுவே காற்று நிற்கவிட்ட பழைய வீடுகள் கேரளத்தில் இன்றும் குளிர்ந்தே இருக்கின்றன. ஆனால் மேலோடு மட்டுமே சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவு கனக்கும். கல்நார்த் தகடோ அதில் மூன்றில் ஒரு பங்கே. மெலிந்த இரும்புக் குழாய்களால் ஆகிய இக்கொட்டகையின் சட்டம் அதனைத் தாங்காது.

எஞ்சியது கால்சியம் சிலிகேட் பலகை. அது எரியாது, நீரில் கரையாது, 6 மில்லிமீட்டர் கனமுள்ளது ஜிப்சத்தினும் எடை குறைந்தது, வெள்ளை பூசினால் விளக்கொளியை மிகுதியாகத் திருப்பித் தந்து, சிறு திருகாணியையும் காணச் செய்யும். அறுக்கும்போது எழும் தூள் மூச்சுக்குத் தீங்கானது. ஆதலால் நனைத்து, வெளியில் வைத்து, முகமூடி அணிந்தே அறுத்தல் வேண்டும். இதனையே சிற்றப்பனாருக்குச் சொன்னோம்.

அவர் உடனே துளைக்கருவியை எடுத்துவந்து, தகட்டிலேயே துளையிட்டுக் கம்பி தொங்கவிடலாம் என்றார். யாம் கையைப் பிடித்துத் தடுத்தோம். லுட்விக் ஹாட்செக் என்னும் ஆஸ்திரியர் 1901இல் உரிமை பெற்ற முறையால் சிமெண்டோடு கல்நார் இழையைச் சேர்த்து வார்க்கும் இத்தகடு உலகெங்கும் பரவிற்று. தகடு உடையாமல் கிடக்குமட்டும் இழை உள்ளே அடங்கியிருக்கும். துளையிட்டாலும் அறுத்தாலும் தேய்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நெஞ்சிற் புகுந்து அங்கேயே தங்கும். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாய் வெளிப்படும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பன என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு. 60க்கு மேற்பட்ட நாடுகள் அதனை விலக்கிவிட்டன. நம் நாட்டில் இன்றும் விற்கின்றது. "இருபது வருஷமாய் இதன் கீழேதானே இருக்கிறேன்" என்று சிற்றப்பனார் மெல்லக் கேட்டபோது எமக்கு விடை எளிதாய் வரவில்லை. இனித் தொடாமல் இருப்போம் என்று மட்டும் சொன்னோம்.

ஆகவே உட்கூரையின் சட்டம் தகட்டையும் அதன் தாங்கிகளையும் தொடாமல், சுவருக்குச் சுவர் இட்ட இரும்புக் குழாய்களின்மேல் தனித்து நிற்றல் வேண்டும் என முடிவாயிற்று. தகட்டின் மேற்புறம் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பும் என்பதும் மெய்யே. ஆயின் பாசியைச் சுரண்டக் கூடாது. நொறுங்கும் தகட்டில் கால் வைத்து ஏறினவர் கீழே விழுந்து இறந்ததுண்டாதலால், பலகை பரப்பியே ஏறுதல் வேண்டும். அவ்வேலையை இவ்வாண்டு விட்டுவிட்டோம்.

தை பிறந்ததும் வேலை தொடங்கும். மின்கம்பிகளை அணில் கடித்ததா என்று பார்ப்பதற்கு ஒரு மூலையில் இரண்டடிச் சதுரமாகத் திறப்பு ஒன்று விடவேண்டும் என்று சிற்றப்பனாரே சொன்னார். அஃது எமக்குத் தோன்றவில்லை.