பாட்டி கையில் ஒரு தழும்பு

"பாட்டி, நீ ராஜராஜ சோழனைப் பார்த்திருக்கியா?" என்று கேட்டான் என் ஏழு வயது மகன். என் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 'அந்தக் காலத்துல' என்று நாம் ஆரம்பித்தால், பாட்டியின் சிறுவயதும் தஞ்சைப் பெரிய கோயிலும் குழந்தைக்கு ஒரே மூட்டைதான்.

அன்று மாலை வாசலில் ஒரு கணக்கு விளையாட்டு. ஓர் எட்டு வைத்தால் பத்து வருஷம். அவன் வயதுக்கு முழுசாக ஓர் எட்டுகூடத் தேறவில்லை. பாட்டி பிறந்த வருஷம் ஏழாவது எட்டில், முருங்கை மரத்தடியில் வந்தது. பெரிய கோயில் கட்டி முடித்த 1010-ஐத் தொட நூறு எட்டுக்கு மேல். தெருமுனை மளிகைக்கடை வரை போய் வந்தான். "பாட்டி ரொம்பக் கிட்டத்துலதான் இருக்கா!"

இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களின் வரலாற்றுப் பாடத்தில் இதுவும் ஒரு பகுதி: உயிரோடிருப்பவர்களின் நினைவுக்கு எட்டுகிற மாற்றங்கள். அதற்காக அம்மியையும் அரிக்கேன் விளக்கையும் மேசைமேல் வரிசையாக வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். பேச்சில் மிச்சமிருப்பது சில சமயம் பிடிக்கும். 'எட்டணா' என்றால் ஏன் ஐம்பது காசு? 1957-க்கு முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா. அணா போய் எத்தனையோ வருஷம். சொல் மட்டும் போகவில்லை.

அவனை உட்கார வைத்தது பாட்டியின் மேற்கையில் இருந்த வட்டத் தழும்பு. அவன் தோளிலும் ஒன்று உண்டு. பிறந்தவுடன் காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. ஊசி. ஆனால் அது சின்னது.

"இது அம்மை குத்தினது. அந்தாளு தெருவுல வர்றார்னு தெரிஞ்சா நாங்க நெல்லுக் குதிருக்குப் பின்னாடி ஒளிஞ்சுப்போம். கையில வச்சு ஒரு திருகு திருகுவாரு பாரு!"

"எனக்கு ஏன் குத்தலை?"

பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டே போய்விட்டது, 1980-இல் உலகத்திலேயே இல்லையென்று அறிவித்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். அம்மா அதோடு விடவில்லை. அம்மையில் கண் போனவர்களைப் பற்றியும், முகமெல்லாம் குழி விழுந்தவர்களைப் பற்றியும் சொன்னாள். பழைய காலத்தைத் தேனாகவே ஊட்டும் நமக்கு இது கொஞ்சம் கசக்கும். அவன் கண் கொட்டாமல் கேட்டான்.

மறுநாள் கீழ்வீட்டுத் தாத்தாவின் முன்னால் போய் நின்று, சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தான்.