எத்தனை கோழிக்கு எவ்வளவு கூடு?

கோழி வளர்ப்புப் பற்றி எம்மோடு கதைக்க வருபவர்கள் பெரும்பாலும் முதலிற் கேட்பது, "எத்தனை கோழி கிடைக்கும்?" என்பதைத்தான். கூட்டை எவ்வளவு நீள அகலத்தில் அடிப்பது என்று கேட்போர் குறைவு. கூடு என்பது, மிச்சமாய்க் கிடக்கும் பலகையையும் தகரத்தையும் கொண்டு கடைசியில் அடித்துக்கொள்ளும் ஒன்று என்பதே பொதுவான எண்ணம். ஆனால் நாம் கண்ட அளவில், வளர்த்த கோழிகளை இழந்த குடும்பங்களிற் பல தீனி இல்லாமல் இழக்கவில்லை. கூடு பிழைத்ததாலேயே இழந்தன.

களுவாஞ்சிக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்பவர்களுக்கு இடப்பெயர்வைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990இல் ஓடியவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோர வளவுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் பட்டிருப்புப் பாலத்தாலும் வாவியைக் கடந்தும் எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தபோது, மாடுகளையும் வீட்டில் கிடந்த நெல்லையும் போலவே கோழிகளும் அங்கேயே விடப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் தொடக்கம் கட்டங்கட்டமாகத் திரும்பிச் சென்றவர்களுக்குக் கூடும் இல்லை, கோழியும் இல்லை. மாட்டுப்பட்டியை மீண்டும் உண்டாக்க ஆண்டுகள் வேண்டும். வயலுக்கு ஒரு போகமாவது காத்திருக்க வேண்டும். நாலு பேடும் ஒரு சேவலும் இருந்தால் சில மாதங்களுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு முட்டையும், கொப்பி வாங்கக் கொஞ்சக் காசும் கையில் வரும். அந்தக் காசு பெரும்பாலும் வீட்டுத் தாயின் கையிலேயே நிற்கும் என்பதும் சிறிய விடயம் அல்ல.

அந்த நாட்களில் நாமும் சில குடும்பங்களுக்குக் கோழியும் கூடும் கொடுக்க உதவினோம். 10 கோழி, எல்லோருக்கும் ஒரே அளவான கூடு: 3 அடிக்கு 3 அடி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம். கணக்குப் புத்தகத்துக்கு அது அழகாகவே இருந்தது. கூட்டை இறக்கி வைத்த அன்று ஒரு தாய் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூடு நல்லாத்தான் இருக்கு பாதர். கோழி பெருகாதெண்டு நினைச்சுத்தான் கட்டியிருக்கீங்க போல" என்றார். நாமும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டோம். ஏழு மாதங்களின் பின் அவருடைய 10 கோழி 26 ஆகியிருந்தது. பாதி கூட்டுக்குள் நெருக்கியடித்தன. மீதி முருங்கை மரத்திற் படுத்தன. மரத்திற் படுத்தவற்றை மரநாய் ஒவ்வொன்றாகத் தூக்கியது. மாரி தொடங்கியதும் கூட்டின் அடியில் ஈரம் ஏறியது. உள்ளே இருந்தவற்றுக்கு முதலிற் சளி, பிறகு இரத்தக் கழிச்சல். தைப்பொங்கலுக்கு மிஞ்சியவை நாலு. பிழை அந்தத் தாயினுடையது அல்ல, எம்முடையது.

கூட்டின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள் என்பதை அதிலிருந்து கற்றுக்கொண்டோம். கோழிகள் மிகக் கூடுதலாக இருக்கும் காலத்தில் எத்தனை இருக்கும்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அவை கூட்டுக்குள் அடைபட்டிருக்கும்?

இன்றைய கோழியை எண்ணாதீர்கள்

முதற் கேள்வியை எடுப்போம். உங்களிடம் 6 பேடும் 1 சேவலும் உள்ளன என வைத்துக்கொள்வோம். ஊர்ப்பேடு ஒரு தடவையில் 10 முதல் 15 முட்டை இட்டு அடைக்கு உட்காரும். 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளைக் கொஞ்சக்காலம் கூட்டித் திரிந்து, பிறகு மீண்டும் முட்டைக்கு வரும். இப்படி ஆண்டுக்கு மூன்று முறை வரை நடக்கலாம். எல்லாப் பேடும் ஒரே நேரத்தில் அடைக்கு உட்காருவதில்லை. ஆனால் பெரும்போக அறுவடை முடிந்து களத்திலும் வளவிலும் சிந்திய நெல் கிடக்கும் காலத்தில் இரண்டு மூன்று பேடு சேர்ந்து குஞ்சோடு திரிவதைக் காணலாம். மூன்று பேடு பொரித்த குஞ்சுகளில், காகத்துக்கும் கீரிக்கும் போக ஒரு 10 அல்லது 12 தேறினாலும், மூன்று நாலு மாதத்தில் அவையும் இரவில் இடம் கேட்கும் கோழிகளே. ஆக 7 கோழிக்காரர் 18 கோழிக்குக் கூடு அடிக்க வேண்டும். விளைந்த சேவல்களை விற்றபின் கூட்டில் இடம் மிஞ்சும், மிஞ்சட்டும். அடுத்த அடை வரும்போது அதுவும் நிரம்பிவிடும்.

பகல் முழுதும் வளவில் மேய்ந்து, இரவில் மட்டும் அடையும் ஊர்க்கோழி ஒன்றுக்கு ஏறத்தாழ 1 சதுர அடி தரை போதும். 4 அடிக்கு 4 அடி கூடு என்றால் 16 சதுர அடி. இக்கணக்கை இன்னொரு வழியாலும் சரிபார்க்கலாம். கோழி தரையிற் படுக்க விரும்புவதில்லை. கம்பில் ஏறி இருக்கவே விரும்பும். ஒரு கோழிக்குக் கம்பில் 8 அங்குலம் வேண்டும். 4 அடிக் கம்பில் 6 கோழி இருக்கும். சுவரிலிருந்து 10 அங்குலம் விட்டு முதற் கம்பு, பிறகு 14 அங்குலத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு கம்பு. ஆக மூன்று கம்பில் 18 கோழி. இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று அண்ணளவாக ஒத்து வருகின்றன. மூன்று கம்பையும் ஒரே உயரத்தில் வையுங்கள். படிப்படியாக ஏற்றி வைத்தால் எல்லாம் மேற் கம்புக்கே சண்டை பிடிக்கும். தோற்றவை கீழே எச்சத்துக்குள் இருக்கும். கம்பு ஒன்றரை முதல் 2 அங்குலத் தடிப்பில், முனை மழுங்கியதாக இருக்கட்டும்.

முட்டைக்கென்று தரையில் இடம் ஒதுக்கத் தேவையில்லை. ஒரு அடிச் சதுரமான பெட்டி, 4 அல்லது 5 பேட்டுக்கு ஒன்று வீதம், கூட்டின் வெளிப்பக்கச் சுவரில் தொங்கினாற் போதும்.

அடைத்து வளர்ப்பவர்களுக்கு வேறு கணக்கு

இரண்டாவது கேள்விதான் பலரை ஏமாற்றுவது. மீள்குடியேற்ற வீட்டுத் திட்டங்களில் வளவுகள் சிறியவை. வீடும் வீடும் நெருக்கம். எங்கள் கோழி போய் அயல் வீட்டுக் கத்தரிக் கன்றைக் கிண்டினால் அன்று மாலையே வேலியடியிற் சண்டை தொடங்கிவிடும். ஆகவே பலர் கோழியைப் பகலிலும் அடைத்து வைக்கிறார்கள். நியாயமான காரணந்தான். ஆனால் நாள் முழுதும் அடைபடும் கோழிக்கு 1 சதுர அடி அல்ல, ஏறத்தாழ 4 சதுர அடி வேண்டும். இரவில் 16 கோழி படுக்கும் அதே கூடு, பகலிலும் அடைத்தால் 4 கோழிக்குத்தான் காணும்!

இதை நம்பாமல் 10, 12 கோழியை அதற்குள் அடைப்பவர்கள் இரண்டு வாரத்தில் விளைவைக் காண்பார்கள். ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும், முட்டையை உடைத்துக் குடிக்கும், தரை காயாது. ஈரமான எச்சத்தில் இரத்தக் கழிச்சல் நோய் விரைவாகப் பெருகும். ராணிக்கெட் நோய் போன்ற கொள்ளை நோய் ஒன்று வந்தால் நெருக்கமான கூட்டில் ஒன்றும் மிஞ்சாது. கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தடுப்பு மருந்துக்குப் பதிலாக அது நிற்காது. அதற்குக் கால்நடை வைத்தியர் அலுவலகத்தைத்தான் நாட வேண்டும்.

அடைத்து வளர்க்கவே வேண்டும் என்றால், கூட்டைப் பெருப்பிப்பதைவிடக் கூட்டோடு சேர்த்து ஒரு பட்டி அடைப்பது மலிவு. பழைய மீன் வலையும் நாலு காட்டுக் கம்பும் போதும். கோழி ஒன்றுக்கு 10 சதுர அடி கொடுத்தால் நல்லது. பகலில் வலைக்குள், இரவில் கூட்டுக்குள். ஒரு மூலையில் நிழலுக்குக் கிடுகு போட மறக்க வேண்டாம், கோழிக்கு வியர்ப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலும் தண்ணீரும் இன்றி நிற்கும் கோழி வாயைத் திறந்து இளைப்பதைக் கண்டிருப்பீர்கள்.

கால் உயரமும் காற்றும்

2011 சனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூட்டின் தரை நிலத்திலிருந்து குறைந்தது இரண்டரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். வாவியோரத்துப் பள்ளக் காணியானால், கடைசியாக வந்த வெள்ளம் வீட்டுச் சுவரில் விட்ட அடையாளத்தைப் பார்த்து அதற்கு மேலே வையுங்கள். உயர்த்தினால் இன்னொரு நன்மை உண்டு. தரைக்குக் கமுகஞ் சலாகையை முக்கால் அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழும், கூடு காய்ந்திருக்கும், விழுந்ததை அள்ளி மிளகாய்க் கன்றுக்கு இடலாம். கூட்டின் கால்களைப் பழைய ரின்களுக்குள் நிறுத்தி, கழிவு எண்ணெய் ஊற்றி வைத்தால் எறும்பு ஏறாது.

வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றும் மழையும் அடிக்கும் பக்கத்தைக் கிடுகாலோ பலகையாலோ முற்றாக மூடுங்கள். மற்றப் பக்கங்களின் மேற்பாதி கம்பி வலையாக இருக்கட்டும். குளிருமென்று பயந்து நாலு பக்கமும் தகரம் அடிப்பவர்கள் உண்டு. இந்த ஊர் வெக்கையில் அது கோழியை அவிக்கும். காலையிற் கதவைத் திறக்கும்போது உங்கள் கண் எரிந்தால், ஒன்றில் கோழி கூடிவிட்டது, அல்லது காற்றோட்டம் குறைந்துவிட்டது. வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படாமல் இருந்தால் சிறு பாம்பும் கீரிக்குட்டியும் நுழைய முடியாது. 1978 நவம்பர் 23 இரவின் சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் பெத்தாமார் கூட்டைத் தென்னை மரத்தோடு கயிற்றாற் பிணைத்து வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

பெரிதாகக் கட்டினால் எல்லாம் தீரும் என்று நினைப்பதும் பிழை. கதவுக்கு முன் நின்று கையை நீட்டினால் இரண்டரை அடி எட்டும். அதற்கு அப்பால் உள்ள மூலையில் முட்டையும் கிடக்கும், செத்த குஞ்சும் கிடக்கும், யாரும் காணார். 4 அடி அகலக் கூட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு வைத்தால் கை எட்டாத மூலை இல்லை.

உறவினர் வளவிலோ பிறர் காணியிலோ தற்காலிகமாக இருப்பவர்களுக்கு எமது ஆலோசனை வேறு. 4 அடிக்கு 4 அடியில் ஒன்று அடியாதீர்கள். 4 அடிக்கு 2 அடியில் இரண்டு அடியுங்கள். ஒவ்வொன்றிலும் 8 கோழி படுக்கும். மாமனும் மருமகனும் இரண்டு பக்கமும் பிடித்தால் ஒன்றைத் தூக்கி லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிவிடலாம். காணிக்காரர் எழும்பச் சொன்னாலும், சொந்த ஊருக்குப் போக அனுமதி கிடைத்தாலும், கூடு உங்களோடு வரும். கால்களை ஆணியால் அடியாமற் கயிற்றாற் கட்டினால் கழற்றிக்கொள்ளவும் இலகு. முதலில் ஒன்றை மட்டும் அடித்து, கோழி பெருகும்போது மற்றதை அடிக்கலாம் என்பது கையிற் காசு குறைந்தவர்களுக்கு இன்னொரு வசதி.

குஞ்சோடு நிற்கும் பேட்டைப் பெரிய கோழிகளோடு விடக்கூடாது. முதல் இரண்டு மூன்று கிழமைக்கு, வாவியில் மீன் பிடிக்கும் கரப்பைப்போல மூங்கிலிற் பின்னிய ஒன்றைப் பகலில் அவற்றின்மேற் கவிழ்த்து வைத்தால் காகமும் பருந்தும் அண்டாது. இரவில் சாக்குப் போட்ட ஒரு பழைய மரப்பெட்டி போதும்.

கூட்டை ஆவணி, புரட்டாதிக்குள் அடித்து முடியுங்கள்; மழைக்குள் அடிக்கும் கூடு ஈரத்தோடேயே தொடங்கும். அடிக்கும் முன் நாலு கம்பை நிலத்தில் 4 அடிச் சதுரமாக வைத்து, அதற்குள் உங்கள் கோழிகளுக்கு நெல் போட்டுப் பாருங்கள்; இடம் போதுமா என்பது கண்ணுக்கே தெரியும். கூட்டில் அடைத்த முதல் வாரத்தில் ஓர் இரவு ரோச் லைட்டோடு போய்ப் பாருங்கள். ஒன்றாவது கம்பில் இடமில்லாமற் கீழே குந்தியிருந்தால், அடுத்த நாளே இன்னொரு கம்பு போடுங்கள். கம்பு போட இடமில்லையென்றால் ஒரு சேவலைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள்.