தீயை அணைத்த தண்ணீர் எங்கே போகிறது?

உங்கள் புளோக்கில் தீ. சில நிமிடங்களில் குடிமைத் தற்காப்புப் படையின் வாகனங்கள் வந்துவிடுகின்றன. தீயணைப்பாளர்கள் மேலே ஓடுகிறார்கள், தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள், தீ அடங்குகிறது. கீழே நின்று வீடியோ எடுத்தவர்கள் கலைந்துபோகிறார்கள்.

ஆனால் படிக்கட்டு வழியாகக் கறுப்பாக வழிந்ததே ஒரு தண்ணீர், அது எங்கே போனது?

'உயிரைக் காப்பாற்றுற நேரத்துல இதையெல்லாமா பார்க்கணும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உயிர்தான் முதலில், அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் தீயை அணைக்கும் முறையே சில சமயம் இன்னொரு பாதிப்பை உண்டாக்கிவிடுகிறது. அதைக் குறைக்க வழியும் இருக்கிறது.

லோங்காங்கிலிருந்து நீர்த்தேக்கம்வரை

சோபா, தொலைக்காட்சி, பிளாஸ்டிக், மின்கலன்... இவை எரியும்போது உருவாகும் நச்சுப்பொருள்களில் ஒரு பகுதி புகையாக மேலே போகும். இன்னொரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து கீழே வரும்.

சிங்கப்பூருக்கு இது ஏன் முக்கியம்? நம் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைச் சேகரிக்கும் பகுதி. நாம் 'லோங்காங்' என்று சொல்கிறோமே, அந்த வடிகாலில் விழுவது கழிவுநீர்க் குழாய்க்குப் போவதில்லை. கால்வாய், ஆறு வழியாக நாட்டின் 17 நீர்த்தேக்கங்களில் ஒன்றை அது சென்றடையலாம்.

பயப்பட வேண்டாம். நீர்த்தேக்கத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்ட பிறகே நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. ஒரு வீட்டில் தீப்பிடித்ததால் ஒரு நீர்த்தேக்கம் கெட்டுவிடாது. பெரிய கவலை வேறு: ரசாயனக் கிடங்கு, தொழிற்சாலை, எண்ணெய்த் தொட்டி போன்ற இடங்களில் மூளும் தீ.

அணைப்பதா, எரிய விடுவதா?

1986 நவம்பர் 1. சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே இருந்தவை பூச்சிக்கொல்லி உள்ளிட்ட வேளாண் ரசாயனங்கள். தீயணைப்பாளர்கள் ஏராளமான தண்ணீரைப் பாய்ச்சித் தீயை அணைத்தார்கள். அந்தத் தண்ணீர் ரசாயனங்களை அள்ளிக்கொண்டு ரைன் ஆற்றில் கலந்தது. ஆறு சிவப்பு நிறமானது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன.

சில மாதங்களில், 1987 மே மாதம், அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஒரு சாயக் கிடங்கு தீப்பிடித்தது. அங்கே இருந்தது சுமார் 1.5 மில்லியன் கேலன் சாயமும் அதைச் சார்ந்த பொருள்களும். அந்த இடத்துக்குக் கீழேதான் நகரத்துக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர். தண்ணீர் பாய்ச்சினால் சாயம் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆகவே, கட்டடத்தைக் காப்பாற்ற முயலாமல் எரிய விடுவது என்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள்.

இரண்டுமே சுலபமான முடிவு இல்லை. எரிய விட்டால் காற்று மாசுபடும். அணைத்தால் தண்ணீர் மாசுபடும். எது குறைந்த பாதிப்பு என்பதைத் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஓடும் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொழிற்சாலையிலேயே தொட்டி இருந்தால் அந்தக் கணக்கு எளிதாகிவிடும். பாசல் தீக்குப் பிறகு, ரசாயனக் கிடங்குகளில் அப்படிப்பட்ட தொட்டிகள் முக்கியப் பாதுகாப்பு ஏற்பாடாகிவிட்டன.

வெள்ளை நுரைக்குள் என்ன இருக்கிறது?

எண்ணெயில் பிடித்த தீயைத் தண்ணீரால் அணைக்க முடியாது. எண்ணெய் தண்ணீருக்கு மேல் மிதக்கும், தீயும் அதோடு பரவும். அதனால்தான் நுரை தேவை. அது எரிபொருளை ஒரு போர்வைபோல மூடி, காற்றுப் படாமல் தடுக்கிறது.

1960களில் அமெரிக்காவில் உருவான ஒரு வகை நுரை இதில் மிகத் திறமையானது. நுரையிலிருந்து ஒரு மெல்லிய நீர்ப்படலம் பிரிந்து எரிபொருளின் மேல் சட்டென்று பரவிவிடும். அதற்குக் காரணம் அதில் இருக்கும் பீஃபாஸ் எனும் ரசாயனக் குடும்பம்.

சிக்கலும் அங்கேதான். கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு மிக உறுதியானது. வெயிலோ மழையோ நுண்ணுயிரோ அதை எளிதில் உடைக்காது. அதனால் இவற்றுக்கு 'என்றும் அழியா ரசாயனங்கள்' என்ற பட்டப்பெயர். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பீஃபோவா மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் வகைப்படுத்தியது.

இது வெறும் ஆய்வுக்கூடக் கதை இல்லை. சுவீடனின் ரொன்னபி நகரில் 2013ஆம் ஆண்டு ஒரு குடிநீர் நிலையம் மூடப்பட்டது. அருகில் இருந்த ராணுவ விமானத் தளத்தில் தீயணைப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்திய நுரை பல ஆண்டுகளாக மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்திருந்தது. அங்கே பெரிய தீ எதுவும் மூளவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் பயிற்சியில் வந்த வினை. 2023 டிசம்பரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், ரத்தத்தில் பீஃபாஸ் அளவு அதிகமாக இருப்பதே உடலுக்கு நேர்ந்த பாதிப்புதான் என்று குடியிருப்பாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் நிறுத்திவிடலாமே?

நுரையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. 2011இல் புலாவ் புக்கோம் ஆலையில் மூண்ட தீயை அணைக்க 30 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. 2016இல் ஜூரோங் தீவில் ஒரு சேமிப்புத் தொட்டி தீப்பிடித்தது. அங்கெல்லாம் நுரை இல்லாமல் தீயணைப்பாளர்களை அனுப்புவது அவர்கள் உயிரோடு விளையாடுவது.

மாற்று வழி, ஃபுளோரின் இல்லாத நுரை. பயிற்சிக்கு அது தாராளமாகப் போதும். உண்மையான தீயிலும் இப்போது பல விமான நிலையங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அதில் அந்த மெல்லிய நீர்ப்படலம் உருவாகாது. ஆகவே, எரிபொருளின் மேல் மெதுவாகப் படியும்படி அடிக்க வேண்டும், சில நேரம் அதிக அளவும் வேண்டும். தீயணைப்பாளர்கள் புதிதாகப் பழக வேண்டும். பழைய நுரை இருந்த தொட்டியையும் குழாயையும் நன்றாகக் கழுவாமல் புதியதை ஊற்றினால் பழைய ரசாயனமும் கூடவே வரும். கழுவிய தண்ணீரையும் லோங்காங்கில் விட முடியாது!

விதிகளும் இறுகி வருகின்றன. சிங்கப்பூரும் இடம்பெற்றுள்ள ஸ்டாக்ஹோம் உடன்பாட்டின் பட்டியலில் 2009இல் பீஃபோஸ், 2019இல் பீஃபோவா ஆகியவை சேர்க்கப்பட்டன.

வேறு என்ன மாறுகிறது?

குறைந்த தண்ணீர்: தண்ணீரில் சிறிது நுரைக் கரைசலையும் அழுத்தப்பட்ட காற்றையும் கலந்து அடித்தால் அது எரியும் பொருளில் ஒட்டிக்கொள்ளும். குறைவான தண்ணீரே போதும், வழிந்தோடுவதும் குறையும்.

வடிகாலை மூடுவது: தண்ணீர் பாய்ச்சும்போதே அருகிலுள்ள வடிகால்களை விரிப்புகளாலும் மணல் மூட்டைகளாலும் அடைத்து, மாசுபட்ட நீரைத் தேக்கிவைப்பது.

மின்சாரத் தீயணைப்பு வாகனம்: அமெரிக்காவின் மேடிசன் நகரில் 2021இல் ஒன்று சேவைக்கு வந்தது. நீண்ட நேரம் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தால் கைகொடுக்க அதில் டீசல் இயந்திரமும் உண்டு. பாதி வழியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் வேலை இல்லையே இது.

நீங்கள் என்ன செய்யலாம்?

தீயே மூளாவிட்டால் தண்ணீரும் வேண்டாம், நுரையும் வேண்டாம். அதில் உங்கள் பங்குதான் பெரிது.

அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுக் கைப்பேசியோடு அறைக்குள் போகாதீங்க. சிங்கப்பூர் வீடுகளில் தீ மூள்வதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, கவனிக்காமல் விட்ட சமையல். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்தால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்க.

மின்-ஸ்கூட்டரை இரவு முழுக்க மின்னூட்டம் செய்யாதீங்க. மலிவாகக் கிடைக்கிறதே என்று சான்றிதழ் இல்லாத மின்கலன் வாங்காதீங்க. லித்தியம் மின்கலன் தீப்பிடித்தால் குளிரவைக்க நிறைய தண்ணீர் தேவைப்படும். அணைந்த மாதிரி தெரிந்தாலும் மறுபடி பற்றிக்கொள்ளும்.

பழைய மின்கலனைக் குப்பையிலோ நீல மறுபயனீட்டுத் தொட்டியிலோ போடாமல், மின்னியல் கழிவுத் தொட்டியில் போடுங்க.

இவ்வளவும் செய்து, அப்படியும் தீ கைமீறிப் போனால்? தண்ணீர் எங்கே போகும் என்ற யோசனையெல்லாம் அப்போது வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்க, 995ஐ அழையுங்க.