உடுக்கைக்கு ஓர் ஆப்பிரிக்கச் சகோதரன்

உடுக்கையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? இடை சிறுத்த அந்தச் சின்ன வாத்தியத்தின் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் குரல் ஏறும். தளர்த்தினால் குழைந்து இறங்கும். கோடங்கியின் கையில் அது பேசுவது போலவே இருக்கும்.

இதே அமைப்பில், இன்னும் பெரிதாக, மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் யொருபா மக்களிடம் ஒரு வாத்தியம் உண்டு. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வளைந்த குச்சியால் அடிப்பார்கள். அது நிஜமாகவே பேசும்! அவர்கள் மொழியில் 'ஒக்கொ' என்ற ஒரே சொல், குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கணவன் என்றும் மண்வெட்டி என்றும் படகு என்றும் பொருள்படும். (தாய்மார்கள் சிரிக்க வேண்டாம்.) அந்த ஏற்ற இறக்கத்தை வாத்தியம் அப்படியே எழுப்ப, கேட்பவர்கள் பொருளைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோன முதலாளிகள் முரசொலிக்கு அஞ்சினார்கள். 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து ஆள் சேர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே, அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாதென்று அங்கே சட்டம் வந்துவிட்டது. தோட்டத்தில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே அமெரிக்காவுக்கு 1950-இல் நைஜீரியாவிலிருந்து படிக்கப் போனவர் பாபத்துண்டே ஒலாத்துஞ்சி. படிக்கப் போனவர் முரசு வாசித்துப் புகழ்பெற்றார். 'குன் டுன், கோ டோ, பா டா' என்று வாயால் சொல்லிச் சொல்லியே அமெரிக்கர்களுக்கு அடி பழக்கினார். நம் வித்துவான்கள் 'தகதிமி தகஜுணு' சொல்லிக் கொடுப்பதில்லையா, அதே முறைதான்!

அமெரிக்க ராக் இசைக்குழு ஒன்றின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட், 1991-இல் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஒலாத்துஞ்சியும், பேசும் முரசோடு சிக்கிரு அடெபோஜுவும் அதில் வாசித்தார்கள். தபேலாவுக்கு சாகிர் உசேன். கடத்துக்கு யார் தெரியுமா? சென்னையைச் சேர்ந்த நம் விக்கு விநாயக்ராம்! உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாக 1992-இல் வழங்கப்பட்டபோது, அதை இந்த இசைத்தட்டே தட்டிக்கொண்டு போனது.

கடம் என்றால் என்ன? மானாமதுரைக் குயவர்கள் மண் குழைத்துச் சுட்டெடுக்கும் பானை. கச்சேரியில் மிருதங்கத்துக்கு அடுத்த இடம்தான் அதற்கு. அந்தப் பானை உலக மேடையில் முரசுகளோடு சரிசமமாக உட்கார்ந்தது.

இனி நம் பேராக்குக்கு வருவோம். தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனால் உருமி மேளம் காதைப் பிளக்கிறது. அடிப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பெற்றோர் சிலர், "மேளம் அடிக்கிறவன் உருப்படுவானா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். வீட்டுப்பாடம் செய்யாத பையனுக்கு நான் பரிந்து பேசமாட்டேன். ஆனால் மேளம் தாழ்ந்த தொழில் என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது, பழைய உருமிக்காரர்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டார்கள். காவடிக்கு ஓர் அடி, கரகத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று அவர்கள் கைக்குத் தெரிந்ததை யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? உங்கள் வரிசை வீடுகளில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புங்கள். வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது எழும் அந்த உறுமலுக்கு வாயால் என்ன சொல் சொல்வார்கள் என்று முதலில் கேட்டு வரட்டும்.