நாடு கடந்தவர்களின் புஸ்தகசாலை

துர்க்கனேவ் என்ற பெயர் நம் நேயர்களில் பலருக்குப் பழக்கமானதே. பண்ணையடிமைகளாய்க் கிடந்த ருஷ்யக் குடியானவர்களும் நம்மைப் போன்ற மனிதரே என்று தமது கதைகளால் உலகத்துக்கு உணர்த்தியவர் அவர். 'தந்தையரும் தனயரும்' எழுதிய ஆசிரியர். அவருடைய பெயரைத் தாங்கிய புஸ்தகசாலை ஒன்று பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. அதை எந்தச் சர்க்காரும் ஏற்படுத்தவில்லை. எந்தக் கோடீசுவரரும் தர்மமாகக் கட்டிவைக்கவில்லை. பிழைக்க வழியின்றி அந்நிய நாட்டில் தங்கிய ஏழை மாணவர்களும் அரசியல் அகதிகளும் சேர்ந்து அமைத்தது அது. அதன் சரித்திரத்தையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

1870-க்குப் பின் பாரிஸில் ருஷ்யர்களின் தொகை நாளுக்கு நாள் பெருகியது. ஜார் சக்கரவர்த்தியின் போலீஸாருக்குத் தப்பி வந்தவர்கள் சிலர். கல்விக்காக வந்தவர்கள் சிலர். ருஷ்ய சர்வகலாசாலைகளில் அக்காலத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆகையால் அவர்கள் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஜூரிச் நகரம் சென்று வைத்தியம் முதலியன பயின்றார்கள். அங்கே புரட்சிக்காரரோடு பழகிக் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லி, அந்நகரத்தை விட்டு வெளியேறும்படி 1873-ல் ஜார் சர்க்கார் உத்தரவு போட்டது. படிப்பைக் கைவிட மனமில்லாதவர்கள் வேறு ஊர்களை நாடினார்கள். பாரிஸுக்கும் சிலர் வந்தார்கள். இவர்களுக்குக் குளிர்காலத்தில் உட்காரக் கதகதப்பான ஓர் அறை வேண்டும். தாய்மொழியில் பத்திரிகை வேண்டும், புஸ்தகம் வேண்டும். ருஷ்யாவில் தடுக்கப்பட்டு லண்டனிலும் ஜெனீவாவிலும் அச்சேறிய நூல்களும் வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் கெர்மன் லோபாட்டின் என்னும் வாலிபர். சைபீரியாவைப் பார்த்தவர், சிறையிலிருந்து தப்பியவர், கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' என்ற பெருநூலின் ஒரு பகுதியை ருஷ்ய மொழியில் பெயர்த்தவர். இவர் துர்க்கனேவை அணுகினார். துர்க்கனேவோ புரட்சிக்காரர் அல்லர், நிலபுலமுடைய பிரபு, படிப்படியான சீர்திருத்தமே போதும் என்ற அபிப்பிராயமுடையவர். ஆயினும் நாட்டுக்காக எல்லாவற்றையும் துறந்த இளைஞர்களிடத்தில் அவருக்கு ஒரு தனி வாஞ்சை உண்டு. லாவ்ரோவ் என்ற தலைவர் நடத்திய புரட்சிப் பத்திரிகைக்கு அவர் ஆண்டுதோறும் 500 பிராங்கு அனுப்பிவந்த செய்தி அவர் காலமான பிறகுதான் வெளிவந்தது.

1875-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், பொலீன் வியார்தோ என்ற புகழ்பெற்ற பாடகியின் வீட்டில் சங்கீத இலக்கியக் கச்சேரி ஒன்று நடந்தது. துர்க்கனேவ் அந்த வீட்டின் மாடியில்தான் வசித்துவந்தார். அம்மையார் பாடினார், துர்க்கனேவும் க்ளேப் உஸ்பென்ஸ்கி என்ற மற்றோர் எழுத்தாளரும் தாங்கள் எழுதியவற்றை வாசித்தார்கள். டிக்கெட்டு விற்றுச் சேர்ந்த பணமே புஸ்தகசாலைக்கு மூலதனம். துர்க்கனேவ் தம்முடைய புஸ்தகங்களையும் கொடுத்தார்.

ஆரம்பித்துவிடுவது எளிது. நம் ஊர்களிலும் வாசகசாலைகள் ஆரம்பமாகாமலில்லை. திறப்பு விழாவுக்குத் தலைவர் கிடைக்கிறார். மாலையும் சந்தனமும் கிடைக்கின்றன. மறு வருஷம் அலமாரியைத் தூசி தட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை! பாரிஸில் அந்த ஏழைகள் தூசி தட்டினார்கள். படிப்பவர் ஒரு சிறு முன்பணமும் மாதச் சந்தாவும் செலுத்த வேண்டும். நிர்வாகத்துக்குத் தங்களுக்குள்ளேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். வாடகை கொடுக்க முடியாமல் இடம் மாறியதும் உண்டு. கையில் காசு வற்றியபோதெல்லாம் மறுபடி ஒரு கச்சேரி, ஒரு நடனம், ஒரு பிரசங்கம். 1883-ல் துர்க்கனேவ் பாரிஸை அடுத்த பூஜிவாலில் காலமானார். அதன்பின் புஸ்தகசாலை அவர் பெயரைப் பெற்றது.

ஸ்தாபகர் லோபாட்டினின் கதி என்ன? புரட்சி வேலைக்காக ருஷ்யாவுக்குத் திரும்பியவர் 1884-ல் பிடிபட்டார். 1887-ல் மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் தண்டனையாக மாற்றி, ஷ்லிஸ்ஸெல்பர்க் கோட்டையில் தனிச்சிறையில் அடைத்தார்கள். 18 வருஷம்! 1905-ம் ஆண்டுப் புரட்சிதான் அவரை வெளியே விட்டது. அவர் கோட்டைச் சுவர்களுக்குள் கிடந்த அத்தனை காலமும் பாரிஸில் அவர் நட்ட செடி வளர்ந்துகொண்டிருந்தது.

1908-ம் வருஷக் கடைசியிலிருந்து 1912 வரையில் பாரிஸில் ஜாகை வைத்திருந்த லெனின் இங்கே வந்து படித்தார். அவருடைய கட்சியினரும் வந்தார்கள், அவரை ஜன்மப் பகைவராகக் கருதிய வேறு கோஷ்டியாரும் வந்தார்கள். வெளியே ஒருவரையொருவர் துரோகி என்று தூற்றிக்கொண்டவர்கள் உள்ளே ஒரே அலமாரியிலிருந்து புஸ்தகம் எடுத்தார்கள். பிறகு 1917 வந்தது. சக்கரம் சுழன்றது. நேற்று அகதியாயிருந்தவர்கள் மாஸ்கோவில் ஆட்சி பீடத்தில் ஏறினார்கள். நேற்று அதிகாரத்திலிருந்தவர்கள் அகதிகளாகப் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். டாக்ஸி ஓட்டிய மாஜி ராணுவ அதிகாரி, மோட்டார்த் தொழிற்சாலையில் இரும்படித்த மாஜி மிராசுதார், நோபல் பரிசு பெற்ற இவான் பூனின், நீனா பெர்பரோவா போன்ற எழுத்தாளர்கள் எல்லோரும் சேர்ந்து வந்த இடம், ஜாரை ஒழிக்கக் கங்கணம் கட்டியவர்கள் ஏற்படுத்திய அதே புஸ்தகசாலைதான். புஸ்தகசாலையின் நிர்வாகிகள் பழைய புரட்சி நூல்களைக் குப்பையில் எறியவில்லை. புதியவர்களை வாசலில் நிறுத்தி உன் கட்சி எது என்றும் கேட்கவில்லை. இந்த ஸ்தாபனத்தின் நெடிய வாழ்வில் நாம் மிகப் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

1930-களின் இறுதியில் பாரிஸ் நகரசபை, நோத்ர் தாம் ஆலயத்துக்கு எதிர்க்கரையில், 'கோல்பெர் மாளிகை' என்ற பழங்கால இல்லத்தில் அதற்கு இடம் தந்தது. அப்பொழுது நூல்களின் தொகை ஏறக்குறைய 1,00,000. ருஷ்யாவுக்கு வெளியே அகதிகள் கையில் அவ்வளவு பெரிய ருஷ்ய நூல் திரட்டு வேறெங்கும் இல்லை என்று சொல்வார்கள்.

1940 ஜூன் 14-ந் தேதி ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. சில மாதங்களுக்குள் நாஜிக் கட்சியின் ஆல்பிரெட் ரோஸன்பர்க்கினுடைய கொள்ளை இலாகா கோல்பெர் மாளிகைக்கு வந்தது. இந்த ரோஸன்பர்க் யார் தெரியுமா? அக்காலத்தில் ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ரேவல் நகரத்தில் பிறந்தவர். மாஸ்கோவில் பட்டம் பெற்றவர். ருஷ்ய மொழி நன்கு அறிந்தவர். அந்தப் புஸ்தகங்களின் மதிப்பு இன்னதென்று தெரிந்துதான் கைவைத்தார். நாஜிக் கட்சி அமைக்க எண்ணியிருந்த உயர்கலாசாலைக்கு 'எதிரிகளைப் பற்றி' ஆராய நூல்கள் தேவையாம்! ஏறக்குறைய 900 பெட்டிகளில் அடைத்து ஜெர்மனிக்கு ஏற்றினார்கள். போலந்து அகதிகள் 1838-ல் பாரிஸில் நிறுவிய நூல்நிலையமும் அவ்வாண்டிலேயே சூறையாடப்பட்டது. நாடிழந்தவர்களுக்கு மிச்சமிருந்தது மொழி ஒன்றுதான். அது இருந்த அலமாரிகளும் காலியாயின.

குண்டு வீச்சுக்கு அஞ்சி ஜெர்மானியர் பல நாட்டுப் புஸ்தகங்களையும் கிழக்கே சிலேஷியாவுக்கு மாற்றினார்கள். 1945-ல் அங்கே வந்த சோவியத் படை அவற்றைக் கண்டெடுத்தது. பாரிஸுக்கு அனுப்பினார்களா? இல்லை. ஐரோப்பாவெங்கும் கொள்ளையிடப்பட்ட நூல்களில் சுமார் ஐந்து லட்சம், ஜெர்மானியர் பாழாக்கிய மின்ஸ்க் நகரத்து நூல்நிலையத்துக்குப் போயின. துர்க்கனேவ் முத்திரை குத்திய புஸ்தகங்களும் அவற்றில் கலந்திருந்தன. போலந்தில் லெக்னிக்கா என்ற ஊரிலிருந்த சோவியத் ராணுவ அதிகாரிகளின் மன்றத்துக்கும் ஒரு பங்கு போயிற்று. அங்கே அவற்றில் பலவற்றை மேலிடத்து உத்தரவின்படி அடுப்பிலிட்டு எரித்ததாக, அம்மன்றத்தில் வேலை பார்த்த ஒருவர் வெகுகாலம் கழித்து எழுதினார். ஜார் தடுத்த நூல்களையும் போல்ஷ்விக்குகள் தடுத்த நூல்களையும் அடுத்தடுத்து வைத்துக் காப்பாற்றிய புஸ்தகசாலைக்கு இந்த முடிவு!

முடிவு என்றும் சொல்வதற்கில்லை. யுத்தம் ஓய்ந்ததும் பாரிஸிலிருந்த ருஷ்யர்கள் வெறும் கையோடு மறுபடி தொடங்கினார்கள். இறந்தவர்களின் வீடுகளிலிருந்தும் கலைந்த சங்கங்களிலிருந்தும் நூல்களைச் சேகரித்து, 1959-ல் வாலான்ஸ் தெருவில் நிலையாக அமர்ந்தார்கள். பழைய நூல்களைத் தேடும் வேலையும் நடந்தது. சோவியத் ஆட்சி மறைந்து, மாஸ்கோவின் பூட்டிய அறைகள் சில திறந்தபின், முத்திரைகளைக் கொண்டு அடையாளம் கண்டு 2002-ல் திருப்பிக் கொடுத்தார்கள். வந்து சேர்ந்தவை 118 புஸ்தகங்கள்.